லகாட் தோட்டத்துக்குப் போன பாட்டுப்பெட்டி

மலாய் நாட்டுப் பேராக்குக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. சென்னையில் நான் வேலை பார்த்த கிராமபோன் கடைக்கு, லகாட்டை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து கிராணியார் எழுதியிருந்தார். தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவரை அங்கே கிராணி என்பார்கள். பெரிய குழல் வைத்த பெட்டி வேண்டும், நாகஸ்வரத் தட்டுகள் வேண்டும், முடுக்கிக் காட்ட ஓர் ஆளும் வேண்டும் என்று கேட்டிருந்தார். முதலாளி கடையில் இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கடலுக்குப் பயப்படாதவன், கல்யாணம் ஆகாதவன், வாய் ஓயாதவன் என்று தேடினால் நான்தான் அகப்படுவேன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கிராமபோன் என்றால் அப்போது எனக்குப் பைத்தியம். மனிதன் குரலையே பிடித்துத் தட்டில் அடைத்துவிட்டான், இனி அவனால் ஆகாதது என்ன இருக்கிறது என்று கேட்பவர் கேளாதவர் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருப்பேன். கப்பலில் பட்ட பாட்டைச் சொல்லப் போவதில்லை. வாந்தியைப் பற்றி யாரும் ஆசையாகப் படிக்கமாட்டார்கள்.

ஈப்போ ரயிலடியில் இறங்கியதும் வாயைப் பிளந்தேன். வெள்ளை வெளேரென்று, தலையில் கும்மட்டங்களோடு, ஒரு நவாபின் அரண்மனை நிற்கிறது. அதற்குள் டிக்கெட் கொடுக்கிறார்கள்! எங்கள் கும்பகோணத்து ஸ்டேஷனை நினைத்துக்கொண்டேன். அதில் அழகென்று சொல்ல மணி ஒன்றுதான் உண்டு. வெளியே வந்தால் ஊரைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகள், திடீர் திடீரென்று தரையிலிருந்து கிளம்பி நிற்கின்றன. தெருவெல்லாம் மின்சார விளக்குக் கம்பங்கள். மோட்டாரும் ரிக்‌ஷாவும் மாட்டு வண்டியும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு ஒரே தெருவில் போயின.

"அண்ணே, பாட்டுப்பெட்டி அண்ணே!" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்தான் ஒருவன். காக்கிக் கால்சட்டை, தலையில் பழைய தொப்பி, முகமெல்லாம் சிரிப்பு. "நாந்தான் மாரிமுத்து. தோட்டத்து லோரி டிரைவர். கிராணி ஐயா அனுப்புனாரு. பெட்டியக் குடுங்க, நான் தூக்கிட்டு வாரேன்."

"பெட்டியை மட்டும் கேட்காதே. என்னை வேண்டுமானால் தூக்கு" என்றேன். அவன் உரக்கச் சிரித்தான். அந்த நிமிஷமே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

முதலில் கோப்பி குடிக்கலாம் என்று ஒரு சீனர் கடைக்கு இழுத்துப் போனான். சலவைக்கல் பதித்த வட்ட மேஜை. கறுப்பாக, எண்ணெய் மினுமினுப்போடு ஒரு திரவம் வந்தது. கோப்பையின் அடியில் விரற்கடை உயரத்துக்கு டப்பாப் பால் உறைந்து கிடந்தது. கும்பகோணத்தான் முன்னால் இதைக் கொண்டுவந்து வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கொட்டையை வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு வறுப்பார்களாம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தேன். பிறகு கண்ணைத் திறந்து இன்னொரு கோப்பை கேட்டேன். ஊரில் இதை யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்து மேஜையில் இரண்டு சீனக் கிழவர்கள் விரலை நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன சங்கதி என்று கேட்டேன். சீனப் பேச்சுத் தெரிந்த மாரிமுத்து காதைத் தீட்டிக்கொண்டு சொன்னான்: "ஈயம் வார்ற கப்பல் ஒண்ணு புதுசா வந்திருக்கு அண்ணே, குட்டையில மெதந்துக்கிட்டே மண்ண அள்ளும். ஊரு ஆளுங்க செய்ற வேலைய அது ஒண்ணே செஞ்சிருதாம். 'அது சோறு தின்னாது, அதனால அரிசிக் கடைக்கும் நட்டம்'ங்கிறாரு இவரு. 'அது கஞ்சாவும் அபினும் தின்னாது, அதனால ஊருக்கு லாபம்'ங்கிறாரு அவரு." கடைசியில் இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு கோப்பியைத் தட்டில் ஊற்றி உறிஞ்சினார்கள்.

கோப்பி முடிந்ததும் மாரிமுத்து சட்டென்று அடங்கிப்போனான். "அண்ணே, தோட்டத்துக்குப் போறதுக்கு முன்னால ஒரு எடத்துக்குப் போலாமா? மேளக்காரரப் பாக்கணும். நாளன்னிக்கு எனக்குக் கல்யாணம் லா." பேச்சின் வாலில் 'லா' ஒட்டுவது அந்த ஊர் வழக்கம்.

நாகஸ்வரக்காரர் கோயிலை ஒட்டிய சந்தில் குடியிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். என் ஊரைக் கேட்டதும் பாய் விரித்து உட்காரவைத்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். தேதியைக் கேட்டுக்கொண்டார், இடத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "பொண்ணுக்கு இது மொதத் தாலிதானேப்பா?" என்றார்.

"இல்லீங்க. ரெண்டாவது" என்றான் மாரிமுத்து. "பேரு பாக்கியம். எங்க தோட்டத்துலதான் ரப்பர்ப் பால்மரம் வெட்டுது. புருசன் காச்சல்ல போயி மூணு வருசமாச்சு."

அவர் வெற்றிலைப் பெட்டியை மெல்ல மூடினார். "அறுத்துக் கட்டுற தாலிக்கு வாசிக்கிற வழக்கமில்லையேப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். "நான் வாசிச்சேன்னு தெரிஞ்சா நாளைக்கு எந்தக் கல்யாண வீட்டுல என்னை வாசப்படி ஏத்துவான்? எனக்கும் நாலு புள்ளைங்க இருக்கு."

வழக்கம் எனக்கும் தெரிந்ததுதான். எங்கள் பக்கத்திலும் பல ஜனங்களிடம் உண்டு. புருஷன் இறந்தவளுக்கு மறுபடி தாலி கட்டலாம், யாரும் குறுக்கே நிற்கமாட்டார்கள். ஆனால் பந்தல் கூடாது, மேளம் கூடாது. விளக்கு வைத்த பிறகு, உள்ளறையில், நான்கு பேருக்கு முன்னால் கட்டிவிட வேண்டும். கல்யாணம் செய்துகொள், ஆனால் சத்தம் வெளியே வரக்கூடாது என்பது கணக்கு. இத்தனை நாள் அதை நான் ஒரு தவறாக நினைத்ததே இல்லை. அந்தச் சந்திலிருந்து வெளியே வந்தபோது மாரிமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

லாரியில் ஏறிய பிறகுதான் பேசினான். "களவாண்டுக்கிட்டுப் போற சாமானா அண்ணே பாக்கியம்? பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க, மேளத்தோட கட்டணும். இல்லேன்னா நாளைக்குப் பொறக்கற புள்ளையையும் ஒளிச்சு வெக்கச் சொல்லுவானுங்க."

மடியில் இருந்த தட்டுப் பெட்டியை அணைத்துக்கொள்வதிலேயே என் கவனம் இருந்தது. அந்த லாரி ஓடியது என்பதைவிடக் குதித்தது என்பதுதான் சரி. லகாட் தாண்டியதும் செம்மண் பாதை. முந்தின நாள் மழையில் ஊறிக் கிடந்தது. ஒரு வளைவில் லாரி வலது பக்கம் சாய்ந்து, அச்சு வரைக்கும் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மடியிலிருந்த பெட்டி எகிறி, முன்பலகையில் மோதி, உள்ளே கலகலவென்று ஒரு சத்தம்.

சேற்றில் நின்றபடியே திறந்து பார்த்தேன். தட்டுகளில் பாதிக்கு மேல் நொறுங்கிப் போயிருந்தன. நாடகப் பாட்டுகள் போயின, பஜனைப் பாட்டுகள் போயின. நாகஸ்வரத்தில் ஒன்றே ஒன்று கீறல் விழாமல் இருந்தது: ஒரு பக்கம் தோடி, மறுபக்கம் கல்யாண மேளம்.

மாட்டு வண்டியில் வந்த ஒரு மலாய்க்காரர் எங்களைப் பார்த்து இறங்கினார். ஒன்றும் பேசாமல் கயிற்றைக் கட்டினார், மாடுகளை ஒரு அதட்டு அதட்டினார். லாரி உறிஞ்சுகிற சத்தத்தோடு மேலே வந்தது. போகும்போது அவர் ஏதோ சொல்ல, மாரிமுத்து சிரித்தான். "மோட்டாரு என்னைய முந்திக்கிட்டுப் போகட்டும், இன்னும் ரெண்டு வளைவு தள்ளிச் சந்திக்கலாம்ங்கிறாரு அண்ணே!"

அவன் சிரித்ததைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. கையில் இருந்த தட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "அடேய் மாரிமுத்து, இதற்குள் யார் இருக்கிறார் தெரியுமா? தஞ்சாவூர்ச் சீமையிலேயே பெரிய வித்துவான் ஒருவர் இருக்கிறார். தவிலும் இருக்கிறது. பெண்ணுக்கு எத்தனையாவது தாலி என்று இவர் கேட்கமாட்டார். உன் கல்யாணத்துக்கு மேளம் நான் தருகிறேன்!"

அவன் வண்டியைக் கிளப்பாமல் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். எனக்கு உலகத்தையே வென்றுவிட்ட சந்தோஷம்.

கிராணியார் யாழ்ப்பாணத்து மனிதர். பெயர் சதாசிவம். நெற்றி நிறைய விபூதி, மூக்கில் கண்ணாடி. "வாரும் தம்பி, வாரும். பெட்டி பிழைச்சுதோ?" என்றுதான் முதலில் கேட்டார். நான் பிழைத்தேனா என்று கேட்டது இரண்டாவது. அவர் வீட்டில் இடியப்பமும் சொதியும் போட்டார்கள். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப் பாலைச் சர்க்கரையோடு ஊற்றுவோம். இவர்கள் அதிலே மிளகாயைக் கீறிப் போட்டு எலுமிச்சை பிழிகிறார்கள். எத்தனை இடியப்பம் போட்டார்கள் என்று எண்ணாமல் தின்றேன். தட்டுகள் உடைந்த துக்கம் எனக்கே மறந்துபோயிற்று.

சாயங்காலம் பெட்டியை ஹாலில் வைத்து முடுக்கினேன். லயத்து ஜனங்கள் ஜன்னலிலும் வாசலிலும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். லயம் என்பது தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட வீட்டு வரிசை. தோடி எழும்பியதும் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. பலகைச் சுவர் அதிர்ந்தது. முடிந்ததும் திரும்ப வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். பால்மரம் வெட்டுகிற ஒருவன் மட்டும் முகத்தைச் சுளித்தான். "போன தடவ வாசிச்ச மாதிரியேதான் வாசிக்கிறாரு. புதுசா ஒண்ணும் தோணலியா அவருக்கு?" என்றான். எத்தனையோ பேருக்குக் கிராமபோன் காட்டியிருக்கிறேன். இப்படி ஒருவன் கேட்டது அதுதான் முதல் தடவை.

கல்யாணத்துக்குப் பெட்டியே மேளம் என்ற செய்தி அன்றைக்கே லயம் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் ரப்பர்ப் பாலை எடை போட்டு முடிந்ததும் கிராணியார் வீட்டுக்கு ஆறுமுகம் கங்காணி வந்தார். அந்த ஜனங்களையெல்லாம் ஊரிலிருந்து கூட்டி வந்தவர் அவர்தான். வேலைக்கும் வழக்குக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். பின்னாலேயே பாதி லயமும் வந்துவிட்டது. மாரிமுத்து ஒரு தூணோரம் நின்றான். பாக்கியத்தை அப்போதுதான் பார்த்தேன். ஒல்லியாக, நிமிர்ந்து நிற்கும் பெண். கையில் பால் கறை காய்ந்திருந்தது.

"கட்டிக்கட்டும். நான் வேணாங்கல" என்றார் கங்காணி. "ஆனா மேளம் வெக்கிற வழக்கம் இல்ல ஐயா."

கிராணியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "மேளம் எண்டால் ஆர் வாசிக்கிறது? மேளகாரர். இஞ்சை மேளகாரர் எங்கை நிக்கிறார் கங்காணி? இது மரப்பெட்டி. இதுக்குச் சாதியும் இல்லை, சாப்பாடும் இல்லை. இது கத்தினால் வழக்கம் எப்பிடிக் கெடும்?"

"அப்ப இது மேளம் இல்ல."

"இல்லை எண்டுதானே சொல்லுறன்."

நான் பெருமையாக மாரிமுத்துவைப் பார்த்தேன். கங்காணிக்கு மேளம் இல்லை, மாப்பிள்ளைக்கு மேளம் உண்டு. என்ன புத்தி இந்த யாழ்ப்பாணத்து மனிதருக்கு! ஆனால் கங்காணி கிளம்பவில்லை. நிதானமாகக் கேட்டார்: "சரிங்க. மேளம் எதுக்கு? தாலி ஏர்ற நேரத்துல தும்மலோ அழுகையோ கேட்டா அது அந்தப் பொண்ணு தலையில விடியும்னுதான கெட்டி மேளம் கொட்றோம்? இது மேளம் இல்லேன்னா, அன்னிக்கு ஒரு அழுகைச் சத்தம் வந்தா எத வெச்சு மறைப்பீங்க?"

எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. கூட்டத்துக்கு வெளியே, பால் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு அம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை, நரைத்த தலை. பாக்கியத்தின் இறந்துபோன புருஷனின் தாய், வீராயி. ஒரே மகன். மகன் போனபிறகு மாமியாரும் மருமகளும் ஒரே அறையில், ஒரே அடுப்பில் இருந்து வருகிறார்கள். இந்தக் கல்யாணத்தைப் பற்றி அவர் இதுவரை வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை என்று கிராணியார் என் காதில் ஓதினார்.

"அந்தம்மா மேல குத்தமில்ல. பெத்த வயிறு" என்றார் கங்காணி. "அன்னிக்கு ஒரு நாள் தோட்டத்துல அடுத்த டிவிசன்ல போயி இருந்துக்கட்டும்."

"அத்தை இல்லாம நான் மணையில உக்கார மாட்டேன்." பாக்கியம் சத்தம் போடாமல்தான் சொன்னாள். "அவங்கள ஒளிச்சு வெச்சிட்டு எனக்கென்ன பகல் கல்யாணம்? அதுக்கு நான் இருட்டுலயே கட்டிக்கிறேன்."

மாரிமுத்து அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். வீராயி அம்மாள் எழுந்தார், வாளியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். முகத்திலிருந்து யாராலும் ஒன்றும் படிக்க முடியவில்லை. அழுகைச் சத்தம் வந்தால் பொறுப்பு உங்களுடையது என்று கிராணியாரிடம் சொல்லிவிட்டுக் கங்காணியும் கிளம்பினார்.

கல்யாணத்தன்று விடியும்போது நான் காட்டுக்குப் போனேன். ரப்பர் மரத்தில் பால் எடுப்பதைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் என்னை நானே மன்னிக்கமாட்டேன். அன்றும் வேலை நாள்தான். கல்யாணத்துக்கெல்லாம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை லீவு தரமாட்டார். மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. அதில் ஒரு வரிசையில் வீராயி அம்மாள் வெட்டிக்கொண்டிருந்தார். பட்டையில் கத்தியைச் சாய்வாக இழுத்தார். சீவல் சுருண்டு விழ, வெள்ளைப் பால் கோடு பிடித்து மங்கில் சொட்டியது. மங்கு என்பது மரத்தில் மாட்டியிருக்கும் சின்னக் கிண்ணம். எங்கள் ஊரில் பால் கறக்க மாட்டுக்குக் கன்றைக் காட்ட வேண்டும். இங்கே மரம் தானாகக் கொடுக்கிறதே என்று வியந்து உளறினேன்.

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "அந்தப் பொட்டியில செத்தவங்க கொரலும் வருமா தம்பி?" என்று கேட்டார்.

"வருமே! உயிரோடு இருக்கும்போது ஒரு தடவை அதன் முன்னால் பாடியிருந்தால் போதும்" என்றேன் உற்சாகமாக.

"எம்மவன் நல்லாப் பாடுவான். மரத்துக்கிட்டதான் பாடுனான்."

என் முதலாளி சொல்லிக்கொடுத்த வியாபாரப் பேச்சில் இதற்கு எதுவும் இல்லை. அவர் அடுத்த மரத்துக்குப் போனார், நானும் பின்னால் போனேன்.

"ரொம்பச் சத்தமாக் கேக்குமா?"

"அதை என்ன கேட்கிறீர்கள்! அடுத்த டிவிசன் வரைக்கும் கேட்கும்."

"பக்கத்துல ஒருத்தர் பேசினாக் கூடக் கேக்காதா?"

"பேச்சா? கத்தினாலும் கேட்காது அம்மா."

"நெசமாவா?" என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "அப்ப சரி" என்றார்.

நான் விசில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். ஒரு வாடிக்கைக்காரரை மடக்கிவிட்ட திருப்தி எனக்கு.

தோட்டத்தில் முகூர்த்தத்தைப் பஞ்சாங்கம் குறிப்பதில்லை, பால் நிறுக்கிற நேரம்தான் குறிக்கிறது. பால் கொட்டாயில் நிறுத்து ஊற்றிவிட்டு ஜனங்கள் வாளியும் கையுமாக நேரே மாரியம்மன் கோயிலுக்கு வந்துவிட்டார்கள். கோயில் முன்னால் வெட்டவெளியில் தென்னோலைப் பந்தல். தரையெல்லாம் வாளிகள். கிராணியார் வீட்டு மேஜையை மணைக்குப் பக்கத்தில் போட்டு, அதன் மேல் பெட்டியை வைத்து, புது ஊசி மாட்டி, தட்டைத் துடைத்து, சாவியை இறுக முடுக்கினேன். மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு படபடப்பு இருந்திருக்காது. வீராயி அம்மாள் மணைக்கு எதிரே, எனக்கு இரண்டு எட்டுத் தள்ளி, தன் வாளியை மடியோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாக்கியம்தான் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தாளாம்.

அப்போதுதான் மாரிமுத்துவின் சிநேகிதர்கள் தாம்பாளத்தோடு வந்தார்கள். வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, மாலை. மேளக்காரருக்கென்று வாங்கி வைத்தது. வாசிக்கிறவருக்கு மரியாதை செய்யாமல் ஒரு கல்யாணம் நடக்குமா? இன்றைக்கு வாசிக்கப்போவது யார்? பெட்டி! நான் தடுப்பதற்குள் குழலின் கழுத்தில் சரிகைத் துண்டைக் கட்டி முடிச்சுப் போட்டார்கள். பெட்டிக்குச் சந்தனம் பூசினார்கள். மாலையைத் தூக்கிப் போட்டார்கள். அது வழுக்கிக் குழலின் வாய்க்குள் இறங்கி அடைத்துக்கொண்டது.

"ஐயையோ, எடுங்கள்! சத்தம் வராது!"

"பண்ணுன மரியாதைய எடுக்கக் கூடாது அண்ணே, பெரிய சுசா லா" என்று ஒருவன் என் கையைப் பிடித்தான். சுசா என்றால் மலாயில் துன்பம், தொல்லை. கிராணியார் வேட்டி நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அதற்குள் கோயில் பூசை செய்யும் பண்டாரம் தாலியை எடுத்து மாரிமுத்து கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஊசியை வைத்தேன்.

கிணற்றுக்குள் யாரோ முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. மானம் போனால் போகட்டும் என்று மாலையை உருவினேன், துண்டை அவிழ்த்தேன். அப்போதும் அவ்வளவுதான்! ஹாலில் பலகைச் சுவரை அதிரவைத்த மேளம், இந்த வெட்டவெளியில் டப்பாவில் அகப்பட்ட வண்டு மாதிரி கீச்சிட்டது. அதைவிட மோசமான ஒன்றை அப்போதுதான் கவனித்தேன். கூட்டம் முழுவதும் வாயை மூடிக்கொண்டது. பெட்டி பாடுகிறதே என்று, ஒரு சுரத்தையும் விட்டுவிடக்கூடாதே என்று, காதைக் கூர்மையாக்கிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். உண்மையான மேளம் கொட்டினால் அத்தனை பேரும் கூடச் சேர்ந்து கத்தியிருப்பார்கள். என் பெட்டி அவர்களையெல்லாம் ஊமையாக்கி வைத்திருந்தது. அந்த அமைதியில் யாராவது மூக்கை உறிஞ்சினால் மலை வரைக்கும் கேட்கும்.

வீராயி அம்மாளைப் பார்த்தேன். உதடுகளை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டிருந்தார். தாடை நடுங்கியது. கண்கள் பெட்டியைப் பார்த்தன, பிறகு என்னைப் பார்த்தன. எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று அவர் காலையில் ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வார்த்தையை நம்பித்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார். சாவியைத் திருகு திருகென்று திருகினேன்; சத்தம் ஓர் இம்மியும் கூடவில்லை.

மாரிமுத்துவின் கை தாலியோடு பாதியில் நின்றுவிட்டது. பாக்கியம் தலை நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். கங்காணியும் பார்த்துவிட்டார். அந்த அம்மாளை எழுப்பி அப்பால் கூட்டிப்போக ஓர் அடி எடுத்து வைத்தார்.

வீராயி அம்மாள் மடியோரத்து வாளியைக் கவிழ்த்தார். அடியில் மிச்சமிருந்த பால் வெள்ளையாக மண்ணில் வழிந்தது. பால் வெட்டும் கத்தியின் பிடியால் அதன் முதுகில் ஓங்கி அடித்தார்.

டணார் என்றது. எல்லோரும் தூக்கிவாரிப் போட்டாற்போல் திரும்பினார்கள். மறுபடி அடித்தார். "கட்டு தம்பி! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? கட்டு!" என்று மாரிமுத்துவைப் பார்த்துக் கத்தினார். மறுபடி, மறுபடி, நிறுத்தாமல் அடித்தார்.

முதலில் ஒரு பெண் தன் வாளியைக் கவிழ்த்தாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. அப்புறம் யார் அடிக்கிறார், யார் அடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தகர வாளி, மங்கு, மூடி, கைக்குக் கிடைத்தது எல்லாம் மேளமாயிற்று. பெட்டியைக் குறை சொன்ன அந்த ஆள் ஓடிப்போய், விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடிக்கிற தண்டவாளத் துண்டில் கல்லை எடுத்து அடித்தான். கிராணியார் கண்ணாடி மூக்கில் நழுவ என் தட்டுப் பெட்டியின் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் குலவை போட்டார்கள். பந்தலோலை அதிர்ந்தது. அப்படி ஒரு கெட்டி மேளத்தை நான் தஞ்சாவூரிலும் கேட்டதில்லை, எந்தத் தட்டிலும் கேட்டதில்லை. என்னையறியாமல் நானும் மேஜையை இரண்டு கையாலும் குத்திக்கொண்டு ஆனந்தத்தில் கூச்சல் போட்டேன். கங்காணி அடி வைத்த இடத்திலேயே நின்றார். அவர் அடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

மாரிமுத்து மூன்று முடிச்சும் போட்டான்.

எல்லோரும் மணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வீராயி அம்மாளைப் பார்த்தேன். கை நிற்காமல் வாளியை அடித்துக்கொண்டே இருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்து நின்றது. முகமெல்லாம் கண்ணீர். மூன்று வருஷமாக வைத்திருந்ததை அந்த அம்மாள் அடிவயிற்றிலிருந்து எடுத்து, வாய்விட்டு, மகன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். உதட்டசைவில்தான் அது தெரிந்தது.

இரண்டு எட்டுத் தூரத்தில்தான் இருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.